முடிவுக் குறி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. நானும் பெரியம்மாவும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

பள்ளிக்கூடம் விட்டதும் கம்பெனி ஆபீஸில் டைப் அடிக்கப் போகிறேன் அல்லவா, அங்கே சின்னத் தப்பு ஒன்று நடந்துவிட்டது. எல்லாத் தொழிலாளர்களும் உள்ள பட்டியலில், வேலையிலிருந்து நிறுத்த வேண்டியவர்களின் பெயர்களுக்கு மேலே தொடக்கக் குறியும் கீழே முடிவுக் குறியும் அடிக்க வேண்டும். கட்டளை கொடுத்தால் நடுவில் உள்ளதை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துத் தரும். நான் முடிவுக் குறியை விட்டுவிட்டேன். அது நிற்காமல் பட்டியலின் கடைசிப் பெயர்வரை எடுத்துவிட்டது.

இன்று காலை, அங்கே வேலை செய்யும் பக்கத்து அறை கிரேசி அக்காவைக் கம்பெனி கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"நான் இன்னா சார் பண்ணேன்? ஒரு நாள் லீவு கூட போடலியே!"

"கம்ப்யூட்டர் குடுத்த லிஸ்ட்டும்மா, அதுல தப்பு வராது. கெளம்பு" என்றார் சூப்பர்வைசர்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்படியே பள்ளிக்கூடத்துக்கு நடந்துவிட்டேன். சாயங்காலம் அவளே எனக்குத் தலை பின்னிவிட்டு, "இன்னாடி மூஞ்சி இப்படி கீது?" என்று கேட்டாள்.

விடிந்ததும் மேனேஜரிடம் சொல்லிவிடுவேன். பயமாக இருக்கிறது. என்னை நிறுத்தினால் திட்டாதே அம்மா. உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமலே அனுப்பு. பெரியம்மா புரண்டு படுக்கிறாள், விளக்கை அணைக்கிறேன்.

உன் மகள்,
ஜெசிந்தா