பெலத்தியாவின் செருப்பு

ஏலூல் 6
மாவு திரித்தேன், ஆடு கறந்தேன், தொட்டிக்குத் தண்ணீர் சுமந்தேன். கூலியில்லாத வேலைக்காரி.

என் கணவர் மத்தனியா பிள்ளையில்லாமல் இறந்து இரண்டு வருஷமாகிறது. முறைப்படி அவர் தம்பி பெலத்தியா என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊர்வாசலில் பெரியவர்கள் முன் நான் அவன் செருப்பைக் கழற்ற, என்னை விட்டுவிட வேண்டும். அதுவரை வேறு யாரையும் நான் கட்ட முடியாது. அவன் இரண்டும் செய்யவில்லை. கட்டினால், பிறக்கும் பிள்ளைக்கு அண்ணனின் ஒலிவத்தோப்பு போய்விடும். விட்டால் செக்குக்கு ஆளில்லை.

ஏலூல் 19
கேட்டேன். கூடாரப் பண்டிகை போகட்டும் அண்ணி என்றான். போன வருஷமும் இதேதான்.

திஷ்ரி 24
பண்டிகை போயிற்று. கூடாரத்துக் கிளைகளையும் பிரித்துப் போட்டாயிற்று. இப்போது ஒலிவ அறுவடை முடியட்டும் என்கிறான்.

முடியட்டும். என் கையால் முடியாது.

மார்கேஸ்வான் 3
செக்குப் பக்கமே போகவில்லை. ஒலிவக்காய் குவிந்து கிடக்கிறது. மாமியார் எதிதாள் வந்து, செத்தவன் மானத்தை வாங்குகிறாயே என்று அழுதார்.

நானா? அவரு பேரு சொல்ல ஒரு பிள்ளை வரவிடாம பண்றது யாரு? கேட்டே விட்டேன். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

மார்கேஸ்வான் 8
காய் புளித்து நாறுகிறது. பெலத்தியா முற்றத்தில் நின்று கத்தினான்.

"யாரு வீட்டு ரொட்டியத் தின்னுட்டு யாருகிட்ட திமிரு காட்டுறீங்க?"

"உங்க அண்ணன் வீட்டு ரொட்டி. என்னைக் கட்டிக்க. இல்லேன்னா செருப்பைக் கழட்ட விடு."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் நின்று கேட்டார்கள். இனி மழுப்ப முடியாது.

மார்கேஸ்வான் 12
கழற்றினேன்.

பெரியவர்கள் கேட்டதற்கு, இவளைக் கட்ட எனக்கு இஷ்டமில்லை என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. குனிந்து அவன் வலது கால் செருப்பின் வாரை அவிழ்த்தேன். இறுகக் கட்டியிருந்தான். நகம் உடைந்தது. நிமிர்ந்து, முகத்துக்கு நேரே துப்பினேன். முறை அது. முறைக்காக மட்டும்தான் துப்பினேன் என்று பொய் எழுத மாட்டேன்.

கிஸ்லேவ் 2
கிணற்றருகே ஓர் அறை. கம்பளி நூற்கிறேன். பெலத்தியா வீட்டை ஊரே 'செருப்புக் கழன்றவன் வீடு' என்கிறது.

இன்று மழையில் நனைந்தபடி அடுத்த ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். அவள் கொழுந்தனும் ஐந்து வருஷமாக இழுத்தடிக்கிறானாம். உங்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று கேட்டாள்.

"தைரியமெல்லாம் வரலம்மா. ஊர்வாசலுக்குப் போறதுக்கு முன்னாடி நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் போ. வாய் காஞ்சு போயிடும்."