இறங்காத சைக்கிள்

எலப்புள்ளி
22-7-1957

அன்பு மகன் மொய்தீனுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் அம்மாவும் அல்லாவின் கிருபையால் சுகம், பம்பாயில் உன் சுகத்துக்கு துஆ செய்கிறோம். வீட்டில் எல்லோரும் சுகம் என்று இந்தத் தடவை எழுத முடியவில்லை. உன் அக்கா ஐசும்மாவின் மாப்பிள்ளை மூசா கால் எலும்பு முறிந்து பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். போன செவ்வாய்க்கிழமை துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனவர், ரோட்டோரம் மழையில் சேறாகிக் கிடந்ததால் தார் ரோட்டின் இடது ஓரத்திலேயே போயிருக்கிறார். பின்னால் வந்த அரிசி லாரி ஹாரன் அடித்தது. தாராளமாக இடம் இருந்ததால், சுற்றிப் போகும்படி கையைக் காட்டினார். டிரைவர் வேண்டுமென்றே உரசிக்கொண்டு ஓட்டினான். ஆளும் சைக்கிளும் வாய்க்காலில். நிறுத்தி இறங்கி வந்தவன் தூக்கிவிடவில்லை, ஹாரன் அடிச்சா எறங்கி நிக்கோணும்னு தெரியாதாடா, ரோடு என்ன உங்கப்பன் ஊட்டுதா என்று கேட்டானாம். எங்கப்பன் ஊட்டுது இல்லீங்க, உங்கப்பன் ஊட்டுதுங்களா என்றாராம் மூசா. அந்த வலியிலும் மரியாதையை விடவில்லை.

எனக்கு அந்த டிரைவரைவிட நம் ஊர்க்காரர்கள் மேல்தான் ஆத்திரம். பெரிய வீட்டுக் குதிரைவண்டி வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நின்ற காலம் உனக்கும் நினைவிருக்கும். அந்த வண்டி போய்விட்டது, அதற்குச் செய்த மரியாதையை இப்போது லாரி கேட்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, ஏனுங்க மூசா, செத்த நேரம் எறங்கி நின்னிருந்தா என்னங்க என்கிறார்கள். அவன் பிரேக்கை மிதித்திருந்தால் என்ன என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. போலீஸ்காரரும் ஹாரன் அடித்தானா என்றுதான் விசாரித்தார், வேகத்தைக் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்வதற்குத்தான் ஹாரன். அதை அடித்துவிட்டால் அப்புறம் நடப்பதெல்லாம் அடிபட்டவன் பாடு என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

நீயும் லாரி ஓட்டுகிறவன். பக்ரீதுக்கு எழுதிய கடிதத்தில், உன் ஹாரனைக் கேட்டால் கடைத்தெருவே இரண்டாகப் பிரியும் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தாள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதே வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். சிரிக்கவில்லை. ஒருத்தனுக்கு ஒதுங்க எடமில்லாமப் போச்சுன்னா இவன் என்ன பண்ணுவான்னு கேட்டு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன். அவளுக்குப் பதில் எழுது. ஐசும்மா சலாம் சொல்கிறாள். லாரிப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுகிறாள், அவளுக்கு எழுதும்போது உன் வேலையைப் பற்றி எழுதாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அல்லா உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், உன் லாரிக்கு முன்னால் நடந்து போகிறவர்களுக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தா
குஞ்சு முகம்மது