நூற்றைவிடப் பெரிய ஒன்பது

ஜூன் 9

அக்கா இன்றும் தட்டைப் பார்த்துச் சாப்பிடவில்லை, திரையைப் பார்த்துத்தான் சாப்பிட்டாள். ஒரு பருக்கை விசைப்பலகைக்குள் போய்விட்டது. ‘ள’ எழுத்தை அழுத்தினால் திரும்ப எழுந்திருக்க மறுக்கிறது.

எறும்பு என்பது அக்கா கல்லூரியில் படிக்கும்போது உருவாக்கிய கணினி மொழி. ‘சொல்லு’ என்று எழுதினால் திரையில் காட்டும், ‘அடுக்கு’ என்றால் வரிசைப்படுத்தும். எங்கள் பள்ளி லேபில் அதைத்தான் படிக்கிறோம். ரேங்க் பட்டியல் போடுவதும் அதில்தான். அக்கா அங்கேயே தற்காலிக உதவியாளர். இப்போது பழைய கணினிகளைத் தூக்கிவிட்டுப் புதியவை வந்திருக்கின்றன. அவற்றில் எதுவானாலும் பிரவுசருக்குள்தான் ஓட வேண்டுமாம்.

பெரிய மேடம் (எங்கள் தலைமை ஆசிரியை) தெளிவாகச் சொல்லிவிட்டார். “இந்த டெர்முக்குள்ள ஒழுங்கா ஓடினா எறும்பும் இருக்கும், உன் வேலையும் நிரந்தரம். இல்லேன்னா கம்பெனி சாஃப்ட்வேர் வாங்கிடுவோம்.”

“அதே மொழிதானேக்கா? அப்படியே தூக்கி அங்க வெச்சா என்ன?” என்று கேட்டேன்.

“வீடு மாத்தின முதல் ராத்திரி சுவிட்ச் எங்கேன்னு சுவரைத் தடவுவோம்ல, அப்படிடி இது.”

ஜூன் 14

‘காத்திரு 5’ என்றால் பழைய எறும்பு ஐந்து விநாடி காத்திருக்கும். புதிய இடத்தில் ஐந்து என்றால் விநாடியில் ஆயிரத்தில் ஐந்து பங்காம். நான் எழுதிய வினாடி வினா விளையாட்டு கேள்வி கேட்ட கையோடு “நேரம் முடிந்தது, நீ தோற்றாய்” என்றது. சில ஆசிரியர்களும் இப்படித்தான். அக்கா சரிசெய்துவிட்டாள்.

ஜூன் 20

அக்கா எனக்குத் ‘தலைமைச் சோதனை அதிகாரி’ பதவி கொடுத்திருக்கிறாள். சம்பளம் கிடையாது, அதனால்தான் ‘தலைமை’.

இன்று ‘அடுக்கு’ கட்டளையைச் சோதித்தேன். நாற்பது கற்பனை மாணவிகளுக்கு மதிப்பெண் போட்டேன். யாரையும் கேவலப்படுத்த மனம் வரவில்லை, யாருக்கும் பத்துக்குக் கீழே போடவில்லை. நூறு போடவும் கூச்சமாக இருந்தது, தற்பெருமை மாதிரி. வரிசை கச்சிதமாக வந்தது. “தேறியது” என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

ஜூன் 27

வெளியீட்டு விழா! வாசலில் பேனர்: ‘உலகிலேயே முதன்முறையாக’. எது முதன்முறை என்று பேனரில் இல்லை. பெரிய மேடத்தின் படம் பெரிதாக. அக்காவின் படம் இல்லை, எறும்பின் படம் இருந்தது – அதற்கு ஆறுக்குப் பதில் எட்டுக் கால்.

கணினியைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். மேடம் வெட்டினார். ரிப்பனோடு மவுஸ் வயரும் போய்விட்டது. கைதட்டல் அடங்கும் வரை அக்கா சிரித்தபடியே நின்று, விசைப்பலகையால் சமாளித்துவிட்டாள். எறும்பு ஓடியது. அக்கா என் கையைப் பிடித்தாள்.

ஜூலை 11

கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு. ரேங்க் நாற்பது. வகுப்பில் இருப்பதே நாற்பது பேர்.

பட்டியலை மூன்று தடவை பார்த்தேன். ஐந்தாவது இடத்தில் ஜன்னல். (ஜன்னல் என்பது அவளுடைய பட்டப்பெயர். பாடம் நடக்கும்போது அவள் பார்ப்பது அதைத்தான்.) அவளுடைய மதிப்பெண் ஒன்பது.

கணக்கு டீச்சரிடம் ஓடினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “கம்ப்யூட்டர் போட்டதும்மா. உன் நூறுல ஏதாவது குறை இருக்கும், வீட்டுக்குப் போய் யோசி” என்றார்.

யோசித்தேன். எவ்வளவு அசடு நான் – ஒரு மணி நேரம் உண்மையிலேயே யோசித்தேன்!

ஜூலை 12

கண்டுபிடித்துவிட்டேன்! அகராதியில் ஒரு சொல் தேடிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது. அகராதி சொல்லின் நீளத்தைப் பார்ப்பதில்லை, முதல் எழுத்தைப் பார்க்கிறது. புதிய இடத்தில் ‘அடுக்கு’ என்றால் எண்களையும் அப்படித்தான் அடுக்குகிறது. ஒன்பதின் முதல் எழுத்து 9, அதனால் தொண்ணூறுகளுக்கு அடுத்து நிற்கிறது, எண்பத்தெட்டுக்கும் மேலே. நூற்றின் முதல் எழுத்து 1, அடுத்தது 0. பாவம், பன்னிரண்டுக்கும் கீழே.

என் சோதனையில் எல்லாமே இரண்டு இலக்கம். எப்படித் தெரிந்திருக்கும்? என் நல்ல மனசு செய்த வேலை. அழுதேன்.

“சோதனை பண்ணினது நீ, மொழியை எழுதினது நான். பெரிய தப்பு யாரோடது? மூக்கைத் துடை” என்றாள் அக்கா. ஒரே ஒரு வரி. காப்பி ஆறுவதற்குள் சரிசெய்துவிட்டாள்.

ஜூலை 14

அக்கா மேடத்திடம் போனாள், நானும் வாசலில் நின்றேன். “தப்பு என்னோடதுதான் மேடம். சரிபண்ணிட்டேன். பட்டியல் தப்புன்னு ஒரு வரி நோட்டீஸ் மட்டும் போட்டுடுங்க.”

“நோட்டீஸா? பரிசு லிஸ்ட் நிர்வாகத்துக்குப் போயாச்சும்மா. புதுசு போட்டா பழசு தப்புன்னு ஆயிடாதா?”

“தப்புதானே மேடம்?”

“உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?”

சரிசெய்த எறும்பைப் பள்ளிக் கணினிகளில் போடாமலே அக்கா வீட்டுக்கு வந்தாள்.

ஜூலை 18

ஜன்னலுக்கு மேடையில் பேனா செட். ‘விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு’ என்றார்கள். இறங்கி வந்து என் காதில், “நான் என்னடி முயற்சி பண்ணேன்?” என்றாள். விளக்கிச் சொன்னேன். விளக்கம் கேட்டால் எனக்கு வாய் நிற்காது. பின்னால் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

நாளை அடுத்த கணக்குத் தேர்வு. வகுப்பில் ஒரு மாநாடே நடந்தது. தொண்ணூறு வாங்க முடியாதவர்கள் எதற்கு எண்பதுக்கு மாரடிக்க வேண்டும், ஒன்பது வாங்கினால் போதுமே? எந்த வினாவுக்கு எத்தனை வரி எழுதினால் எவ்வளவு வரும் என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தார்கள். வகுப்பு முழுவதும் கணக்கில் இவ்வளவு ஆர்வமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

ஜன்னல் மட்டும் சேரவில்லை. “எனக்குத்தான் ஒன்பது வாங்க ஏற்கெனவே தெரியுமே. அதுல என்ன இருக்கு?”

நான் ஒரே ஒரு மதிப்பெண்ணை விட்டால் முதல் ரேங்க். தெரிந்தே விடலாமா? மாட்டேன்.

ஆகஸ்ட் 12

இருபத்தொன்பது பேர் ஒன்பது. நான் நூறு, கடைசி. ஜன்னல் முப்பத்து நாலு! அதனால் அத்தனை ஒன்பதுக்கும் கீழே.

கணக்கு டீச்சர் விடைத்தாள்களை மேசையில் போட்டுவிட்டு நின்றார். “அரை மார்க் பிசகாம ஒன்பது! இவ்வளவு கணக்கு தெரிஞ்சவளுங்க எப்படிடி ஒன்பது வாங்கினீங்க?” அவருக்கே விடை தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தாள்களோடு நேரே மேடத்தின் அறைக்குப் போனார்.

சாயங்காலம் மேடம் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். “அந்தப் புது வெர்ஷனை இப்பவே போடு.” அக்கா மறுபடியும் நோட்டீஸ் கேட்டாள். “அதை நான் பார்த்துக்கறேன்” என்றாராம்.

ஆகஸ்ட் 14

பார்த்துக்கொண்டார். அறிவிப்புப் பலகையிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

‘மாணவியரின் நலன் கருதி, இன்று முதல் நூறு என்னும் எண் ஒன்பதைவிடப் பெரியதாகக் கொள்ளப்படும். முந்தைய பட்டியல்களுக்கு இது பொருந்தாது.’

அப்பா அதைக் கேட்டுச் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு நிரந்தர வேலை. எறும்பு இனி எங்கள் பள்ளியில்தான். ஆர்டரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், “தப்பு என்னோடதுன்னு ஒரு வரி எழுதவே விடலைடி” என்றாள். “வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கணுமோ?” புத்தகங்களில் இதற்குப் பதில் எதையும் நான் படித்ததாக நினைவில்லை.

லேபுக்குப் போனோம். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஜன்னல் மட்டும் திரைக்கு முன்னால். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“அக்கா, ஒரே மார்க் வாங்கின இருபத்தொன்பது பேரை எறும்பு எப்படி முன்ன பின்ன வைக்குது? ரெண்டு தடவை ஓட்டினேன், ரெண்டு தடவையும் வேற வேற மாதிரி வருது.”

“அப்படி வரக்கூடாதே” என்றாள் அக்கா. “தள்ளி உக்காரு, பார்க்கலாம். தப்பு இருந்தா என்னோடதுதான்.”

ஆர்டரை மேசையில் எங்கோ வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.