பஞ்சுக்குள் ஊசிமுனை

1958 டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பார்சல் ஆபீஸ் முழுக்க நனைந்த சாக்கு வாடை. விழுப்புரத்தில் இவ்வளவு குளிர் பார்த்ததில்லை.

சகுந்தலாவும் பிள்ளையும் திண்டிவனத்தில், அவள் அம்மா வீட்டில். எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். போன வாரம் போனபோது தொடக்கூடப் பயம். எலிக்குஞ்சு. டாக்டரம்மா சொன்னது: "சூடா வெச்சுக்குங்க."

எங்கள் முதல் பெண் போனதும் இப்படி ஒரு குளிரில்தான். நெஞ்சுச் சளி. அதை எழுத வேண்டாம்.

பஞ்சு அடைத்த போர்வை, ரஜாய், ஒன்று நானே தைப்பதாக முடிவு. பஞ்சு வாங்கியாயிற்று. கடை பாய் சிரித்தார். "கொழந்தைக்கா? இதுல பெரியவங்களுக்கே தைக்கலாமே சார்!" எல்லாவற்றையும் கட்டச் சொன்னேன்.

10, புதன்

ஆபீஸிலிருந்து வந்ததும் சகுந்தலாவின் தையல் மிஷின். தலையணை உறை தைக்கும் அளவுக்கு அவள் என்னைப் பழக்கியிருக்கிறாள். மேலும் கீழும் அவளுடைய பழைய, மெல்லிய வாயில் புடவை, நடுவே பஞ்சு, நாலு விரற்கடை. மிஷினின் பாதத்தை முழுக்கத் தூக்கினாலும் அடியில் நுழையவில்லை.

செய்து பார்த்தவை: தடியால் தட்டினேன். டிரங்குப் பெட்டியை ஏற்றி அமுக்கினேன். கையால் நீள ஓட்டத் தையல் போட்டு இறுக்கினேன். கொஞ்சம் பஞ்சை எடுத்தேன். பிறகு பயம் வந்து, எடுத்ததைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

11, வியாழன்

முடிந்தது. எப்படி என்று கேட்கக் கூடாது. இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு தள்ளினேன். மேல் துணி ஒரு பக்கம், கீழ்த் துணி ஒரு பக்கம். தையல் விட்டுவிட்டு விழுந்தது. நடுவில் 'டக்'கென்று ஊசி ஒடிந்தது. தடித்த ஊசியாக மாற்றி ஒருவழியாக ஓட்டினேன்.

மச்சான் ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவன் வீட்டுக்கும் வந்தான். அவனிடமே திண்டிவனத்துக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். "இன்னா மாமா, ரஜாயா மெத்தையா இது?" என்றான். இருக்கட்டும். நிம்மதி.

14, ஞாயிறு. ரயிலில்

எழுத்து கோணல்.

காலையில் மிஷினைத் துடைத்து மூடப் போனேன். அன்று ஒடிந்த ஊசி பலகை மேல் கிடந்தது. மேல் துண்டு மட்டும். மிஷின் ஊசிக்குக் காது முனையில்தான். அந்தக் காதும் முனையும் இல்லை.

தேடிய இடம்: மிஷினுக்குள், பாபின் பெட்டி, தரை இடுக்கு, வேட்டி மடிப்பு, வாசல் குப்பை. இல்லை. எங்கும் இல்லை.

ரஜாய்க்குள் போயிருக்கிறது. பிள்ளை அதில் படுத்திருக்கிறான். சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தேன்.

குத்தினால் ரத்தம் வரும், யாராவது பார்ப்பார்கள். உள்ளேயே இறங்கிவிட்டால்? அந்தத் தோலுக்கு என்ன கனம்?

எதிரே ஒரு அம்மாள் மல்லாட்டை உரித்துக் கடலையை மென்றுகொண்டே: "இன்னா சார், காய்ச்சலா? இப்பிடி வேக்குது?"

விக்கிரவாண்டியில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது.

அன்றே, மாலை. திண்டிவனம்

தெருவிலேயே அழுகை கேட்டது. அத்தை வாசலில். "வாங்க மாப்ள. ரெண்டு நாளா இப்பிடித்தான் கத்திக்கினு இருக்கான்."

ரெண்டு நாள். ரஜாய் வந்ததிலிருந்து.

செருப்போடு உள்ளே போனேன். பிள்ளை மேல் கிடந்ததை இழுத்தேன். கனமே இல்லை. பாதிப் பஞ்சைக் காணோம்.

"பஞ்சு எங்க?"

"அத்தினி கெனமா போத்தினா புள்ளைக்கு மூச்சு முட்டாதா? நாந்தான் பிரிச்சு எடுத்தேன். வீணாவுதேன்னு அவனுக்குத் தலகாணி தச்சுட்டேன்."

தலையணை அவன் தலைக்கடியில் இருந்தது.

சகுந்தலா என் முகத்தைப் பார்த்தாள், பிள்ளையை வாரி எடுத்தாள். "இன்னாங்க? ஜல்தி சொல்லுங்க."

"ஊசி. ஒடஞ்ச ஊசி."

துணியெல்லாம் கழற்றி, உடம்பு முழுக்கத் தடவினாள். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சிவப்பு. கொசுவா, வேறா, தெரியவில்லை. அவள் உதடு வெளுத்துவிட்டது.

அத்தை கூடத்து வெளிச்சத்தில் வெள்ளை வேட்டியை விரித்தார். முதலில் ரஜாய். இல்லை. பிறகு தலையணை. நுள்ளி நுள்ளிப் பிய்த்தோம். அவன் அழுகை மட்டும். சாமி பேர் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அத்தை "ஸ்ஸ்" என்றார். கட்டைவிரலில் ரத்தம். அரிசி நீளம், நூல் துணுக்கோடு, பளபளவென்று.

திட்டுவார் என்று நின்றேன். அத்தை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நான் தச்ச தலகாணி" என்றார்.

15, திங்கள்

லீவு. டாக்டரம்மா பார்த்தார். சிவப்பு கொசுக்கடிதான். அழுகைக்குக் காரணம் பால் பற்றாததுதான். "பசும்பால்ல தண்ணி கலந்து, காச்சி, பஞ்சுல நனைச்சுக் குடுங்க." பஞ்சை நானே வெளிச்சத்தில் பிய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

பால் உள்ளே போனதும் தூங்கிவிட்டான். ரொம்ப நேரம் தூங்கினான். அதற்கும் பயந்தேன்.

சகுந்தலா ரஜாயை மறுபடி தைத்தாள். பஞ்சை ஒவ்வொரு கட்டியாக உதிர்த்து, அடிப் புடவையின் பூ மங்கலாகத் தெரிகிற அளவுக்கு ஒரே அடுக்கு. மிஷின் இல்லை, கைத்தையல். கட்டம் கட்டமாக. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். முடித்ததும் ஊசியை என் கையில் வைத்தாள். "பாத்துக்குங்க. முழுசா இருக்கு."

"இது குளிர் தாங்குமா?"

"மொதல்ல போனவ குளிர்ல போவலீங்க. நீங்க போத்தாததால போவல. எத்தினி வாட்டி சொல்றது."

அத்தை அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

16, செவ்வாய்

தூறல் விட்டுவிட்டது. மத்தியானம் டூட்டி, கிளம்ப வேண்டும். பிள்ளை தூங்குகிறான். ரஜாய் கழுத்துக்குக் கீழே. இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்குவது தெரிகிறது. ஏறுகிறது. இறங்குகிறது. சில சமயம் கொஞ்சம் தாமதம்.

"மாப்ள, பஸ்ஸு போயிடும்" என்கிறார் அத்தை.

இன்னும் ஒரு மூச்சு பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.