சி-704: பொருத்தம் 97

2043 மார்ச் 3, காலை 9.10
நீலவானம் அடுக்ககம், கட்டுப்பாட்டு அறை. கேமராக்கள் 212. இயங்குபவை 211. நீச்சல்குளத்துக் கேமரா மேல் புறா எச்சம். துடைக்க ஆள் அனுப்பினேன்.
நான் ஜெயசீலி. பன்னிரண்டு வருடமாக இங்கே கேமராக்களைப் பார்த்துக்கொள்கிறேன். கணினியில் எழுதும் குறிப்புகளைக் கணினியே திருத்திவிடுகிறது. அதனால் நோட்டில், பேனாவால். எனக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு வருபவர் படிக்கட்டும்.

மார்ச் 9, காலை 11.40
புதிய மென்பொருள் ஏறியது. இனி முகம் மட்டுமல்ல, நடையை வைத்தும் ஆளைக் கண்டுபிடிக்கும். இதே நிறுவனத்தின் கேமராக்கள் உள்ள எல்லா ஊர்களோடும் இணைப்பு.
சி-704இலிருந்து இண்டர்காம். சுகிர்தா. வாடகைக்கு இருக்கிறாள், தனியாள், ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. "அக்கா, எங்க வாசல் கேமராவக் கொஞ்சம் திருப்ப முடியுமா? கதவத் தொறந்தா ஹால் வரைக்கும் தெரியுது."
குடியிருப்போர் சங்கச் செயலர் கோதண்டராமனிடம் கேட்டேன். "வாடகைக்கு இருக்கறவங்க சொல்றதுக்கெல்லாம் திருப்ப ஆரம்பிச்சா, அப்புறம் கேமரா எதுக்கும்மா?"
கோரிக்கை மூடப்பட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடப் போனேன்.

மார்ச் 14, காலை 8.05
கோயம்புத்தூரிலிருந்து தேடல் கோரிக்கை. 'காணாமல் போன குடும்ப உறுப்பினர்.' கோரியவர்: கணவர். படத்தில் நீளமான கூந்தலோடு சுகிர்தா. பொருத்தம் 97. இரண்டு மணி நேரத்துக்குள் நான் மறுக்காவிட்டால் முகவரி தானாகப் போய்விடும்.

8.30
ஏழாவது மாடிப் படிக்கட்டில் எந்தக் கேமராவிலும் விழாத மூன்றடி இடம் உண்டு. சுகிர்தாவை அங்கே நிற்கவைத்துச் சொன்னேன். அவள் குர்தாவின் கையை மேலே ஏற்றினாள். இஸ்திரிப்பெட்டியின் நுனி அப்படியே பதிந்திருந்தது.
"அவருக்கு அட்ரஸ் கெடச்சா, இந்தத் தடவ என்னை உசுரோட விடமாட்டாருக்கா."

8.52
மறுத்தேன். கணினி காரணம் கேட்டது. 'ஆள் வேறு.' ஏற்றது.

மார்ச் 15, காலை 10.15
நடையை வைத்து மீண்டும் கண்டுபிடித்துவிட்டது. பொருத்தம் 99. இந்த முறை என்னைக் கேட்கவில்லை. நேரே செயலருக்குப் போனது. அவர் கைபேசியிலேயே உறுதி செய்துவிட்டார்.
இண்டர்காமில் சொன்னேன்: "உடனே கெளம்பும்மா. செருப்புக்குள்ள ஒரு கல்லப் போட்டுக்கோ. ரோட்டுலயும் கேமரா இருக்கு, நடை மாறணும்."

10.40
'பராமரிப்பு' என்று பதிந்து, அவள் வாசலிலிருந்து கேட் வரை எல்லாக் கேமராக்களையும் ஆறு நிமிடம் அணைத்தேன். நொண்டிக்கொண்டே போயிருப்பாள். நான் பார்க்கவில்லை. திரை கறுப்பாக இருந்தது.

மாலை 4.20
கணவர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. செயலர் காபி கொடுத்தார். "பாவம்ங்க, சம்சாரத்தத் தேடி ஊரூரா அலையறாரு. ஜெயசீலி, அந்த ஆறு நிமிஷம் என்னாச்சு?"
"பராமரிப்பு சார்."
கணவர் சிரித்தார். "பரவால்லைங்க சிஸ்டர். எப்படியும் கெடைச்சிருவா."
 

மார்ச் 18, மதியம் 1.30
என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று மாலை ஆறு வரை திரையைப் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது. இனி இந்த நாற்காலிக்கு ஆள் கிடையாதாம். என் வேலையையும் கணினியே செய்யும். இதை யார் படிப்பார்கள் என்று தெரியவில்லை.

1.52
திருச்சி, பெண்கள் விடுதி வாசல். முகம்: மறைப்பு. நடை: வேறு. தோள் அசைவு: பொருத்தம் 94. உறுதி: தானியங்கி. கணவருக்கு முகவரி அனுப்பப்பட்டது.

1.54
அவள் எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தாள். "அங்கேர்ந்து கெளம்பும்மா. இப்பவே."

"சரிக்கா. எங்க போகட்டும்? கேமரா இல்லாத ஊரு ஒண்ணு சொல்லுங்க. அங்க போயிடறேன்."
இணைப்பில் உள்ள ஊர்களின் பட்டியலைத் திறந்தேன். மதுரை. சேலம். தஞ்சாவூர். உருட்டுகிறேன். நாகர்கோவில். ராமேஸ்வரம். இன்னும் உருட்டுகிறேன்.

2.03
இன்னும் லைனில்தான் இருக்கிறாள். பட்டியல் இன்னும் முடியவில்லை.