பாதியில் நிறுத்திய குண்டு விமானம்

என் அன்பு சாமுவேல் அண்ணே,

போன வாரம் விமான நிலையத்தில் என் மானம் போயிற்று. மகள் சுதா நர்ஸ் வேலைக்குத் துபாய் புறப்பட்டாள். விமானம் கடல் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருக்கிறேன். "ரெண்டு எஞ்சினும் சுத்தமாத்தான் கேக்குது" என்று உரக்க வேறு சொல்லியிருக்கிறேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் வந்து, "எந்தா அம்மாவா, பிளேன் போயில்லே?" என்றார் மலையாளத்தில். விமானம்தான் போய்விட்டதே மாமா, இன்னும் என்ன என்று.

பத்தாம் வகுப்பில் தோற்று, பழவங்காடியில் பாத்திரம் விற்கிறவனுக்கு எஞ்சின் சத்தத்தில் என்ன வேலை? எல்லாம் நீங்கள் கெடுத்தது.

அப்போதெல்லாம் ஞாயிறு மத்தியானம் கரமனையில் உங்கள் வீட்டுக்கு வருவேன். ஒரு பொட்டலம் நேந்திரங்காய் வறுவல், வாடகைக்கு எடுத்த கேசட்டில் ஒரு குண்டு விமானச் சண்டைப் படம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தொப்பியைப் பார்த்துத்தான் நம்ம ஆள் யார், எதிரி யார் என்று பிரிப்பேன். ஒருமுறை படம் முழுக்க எதிரிக்காகக் கவலைப்பட்டேன். நீங்களோ ஆட்களைப் பார்க்கவே மாட்டீர்கள். விமானப் படையில் அதே மாதிரி பழைய நாலு எஞ்சின் விமானங்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். இறக்கையில் எண்ணெய் வழிந்தால் எழுந்து போய் டிவியைத் துண்டால் துடைப்பீர்கள்.

எந்தப் படமானாலும் உங்களுக்கு ஒரே குறைதான். "பறக்கவனக் காட்டுவான், அவன் பொண்ணக் காட்டுவான், அவன் நாயையும் காட்டுவான். திரும்பி வாற பிளேன கீழ நின்னு எண்ணிக்கிட்டு கெடக்க மெக்கானிக்க ஒருத்தனாவது காட்டுகானா பாரு." போன விமானம் வந்து இறங்கும்வரை அதன் மெக்கானிக் சாப்பிட உட்காரக்கூடாது. அது உங்கள் ஆட்களின் வழக்கமாம்.

கடைசிப் படம் நினைவிருக்கிறதா? உள்ளே ஏழு பேர், எரிகிற ஓர் எஞ்சின், தாண்ட வேண்டிய கடல். அந்த இடத்தில் நிறுத்தினீர்கள். மறுநாள் உங்களுக்கு வயிற்றில் ஆபரேஷன். "மிச்சத்த வந்து பாக்கலாம்டே" என்றீர்கள். ஆஸ்பத்திரிப் பாரத்தில் உறவு என்ற இடத்தில் 'தம்பி' என்று எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். உங்களுக்கு வேறு யார்?

அந்தக் கையெழுத்தினால் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டார். திறந்தார்களாம், எங்கும் பரவியிருந்ததாம், அப்படியே தைத்துவிட்டார்களாம். உங்களிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது நானாம். மாற்று வேட்டி எடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தவன், வேட்டியை விட்டுவிட்டுக் கேசட்டைப் போட்டேன். அந்த விமானம் திரும்பி வந்தால் நீங்களும் என்று ஒரு நினைப்பு. பள்ளிக்கூடம் போகிற மகள் இருக்கிறவன் நினைக்கிற நினைப்பா இது?

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு உங்களால் எழுந்து உட்கார முடியவில்லை. முடிவை மட்டும் சொல்லச் சொன்னீர்கள். பத்திரமாக இறங்கிவிட்டது என்றேன்.

"எத்தன எஞ்சின்ல?"

"ரெண்டுலண்ணே."

"எந்த ரெண்டு?"

"மூணும் நாலும்."

சிரித்துவிட்டீர்கள். தையல் வலித்திருக்கும். மூன்றும் நாலும் ஒரே இறக்கையில் இருப்பவை என்று எத்தனை ஞாயிறு சொல்லித் தந்திருக்கிறீர்கள். அடிபட்டுப் பாதி எரிந்த விமானம், ஒரு பக்கத்து எஞ்சின்களை மட்டும் வைத்துக்கொண்டு கடல் தாண்டி வீடு சேராது. பொய் சொல்லக்கூட எனக்குப் படிப்புப் போதவில்லை.

சிரித்து முடித்துக் கேட்டீர்கள். "அப்போ வரல்ல, இல்லியாடே?"

நான் பால் விடாத கட்டன் சாயா போட அடுக்களைக்குப் போய்விட்டேன். நீங்கள் கேட்டது விமானத்தைத்தானா அண்ணே? அதற்குப் பிறகு பத்து நாள்கூட நீங்கள் இருக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். கேசட் கடை செல்போன் கடையாகிவிட்டது. அந்தக் கேசட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த ஊர் மழைக்கு நாடா முழுக்கப் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடியோ டெக்கைத் தூக்கிக்கொண்டு போனால் ரிப்பேர்காரர் சிரிக்கிறார். சுதா இரண்டு வருஷத்தில் வந்துவிடுவாளாம். போகிற எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நான் இருக்கும்வரை அந்தக் கேசட்டை எறிய மாட்டேன். ஞாயிறுதோறும் உங்கள் துண்டால் துடைத்து வைப்பேன். எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை அவ்வளவுதான்.

அன்று சாயாவோடு திரும்பி வந்தபோது ஒன்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் விமானம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விழுங்கிவிட்டேன். அந்தப் படத்தில் காட்டினான் அண்ணே. கடைசிக் காட்சி முழுக்க அவன்தான். மற்றவர்கள் எல்லாரும் சாப்பிடப் போன பிறகும், கையில் எண்ணெய்த் துணியோடு, ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக்கொண்டு உங்கள் மெக்கானிக் நின்றுகொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிப் பாரத்தில் எழுதிக் கொடுத்தபடியே,
உங்கள் தம்பி
செல்லப்பன்