அபேனாவின் பாஸ்போர்ட்

3 மார்ச் 2006, வெள்ளி. ஷார்ஜா

விசிட் விசாவில் வந்து கீழ்க்கட்டிலைப் பிடித்திருக்கும் கானா நாட்டுப் பெண் அபேனா இன்றும் விடியுமுன் கிளம்பிவிட்டாள். முழங்காலெல்லாம் மணலும் சிராய்ப்புமாகத் திரும்பினாள். கேட்டால் “புட்பால்” என்கிறாள். வயசுப்பெண் வெள்ளிக்கிழமை காலையில் புட்பாலா? யார் காதில் பூச்சுற்றுகிறாள்? என்னைச் சந்தேகப் பிராணி என்று ரூமில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

10 மார்ச், வெள்ளி

பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டேன். ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பின்னால் மணல் மைதானம். அவள் ஊர்ப் பையன்கள் நடுவே இவள் ஒருத்திதான் பெண். கோல் பக்கம் யாரையும் விடுவதில்லை. ஒருத்தன் காலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு வந்தான். இவள் அசையவே இல்லை. டக்கென்று பந்தைப் பறித்தாள். என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்!

“அவன் காலைப் பார்த்தா ஏமாந்துடுவேன் தீதி. பந்தை மட்டும் பார்ப்பேன்” என்றாள், என்னை அக்காவாக்கி, அரைகுறை இந்தியில்.

ஆனால் ஓரமாய் நின்ற காருக்குள் கறுப்புக்கண்ணாடி போட்ட ஒருத்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது சரியில்லை.

15 மார்ச்

அந்தக் கார்க்காரன் பெயர் மஹ்மூதாம். அபுதாபியில் பெண்கள் அணிக்குக் கோச்சாம். இவளைச் சேர்த்துக்கொள்கிறானாம். வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் வேண்டுமாம்.

பாஸ்போர்ட்! நான் தையல் கடையில் சேர்ந்த அன்று, பத்திரமா இருக்கும் என்று கஃபீல், அதான் விசா எடுத்துக் கொடுத்த முதலாளி, என்னுடையதை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டியதுதான். அப்பா செத்ததுக்குக்கூடப் போக முடியலையே. கொடுக்காதேடி என்றேன். “நல்ல மனுஷன் தீதி” என்கிறாள். வாங்குற வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான்டி!

16 மார்ச்

அவள் பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டேன்.

17 மார்ச், வெள்ளி

பெட்டி, தலையணை எல்லாம் உதறிப் போட்டு அழுதாள். இன்று தராவிட்டால் இந்த சீசனுக்குப் பெயர் பதிய முடியாதாம். நானும் தேடுவதுபோல் கட்டிலடியில் குனிந்துகொண்டேன்.

மஹ்மூது மனைவியோடு வாசலில் வந்து நின்றான். “கீழேயே ஜெராக்ஸ் எடுத்துக்கறேன், போதும். பாஸ்போர்ட் உன்கிட்டதான் இருக்கணும்” என்றான்.

உன்கிட்டதான் இருக்கணும் — இப்படிச் சொல்கிற ஆளும் இந்த ஊரில் இருக்கிறானா?

அரிசிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன். அபேனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூவரும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். நானும் பின்னாலேயே போனேன், புத்தி விடுமா? மஹ்மூது அதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

14 ஏப்ரல், வெள்ளி

அபுதாபியில் அபேனாவுக்கு முதல் ஆட்டம். ஒரு கோல்கூட விடவில்லையாம்! போனில் ஒரே கத்தல். “அரிசி டப்பாவில இப்ப யார் பாஸ்போர்ட் இருக்கு தீதி?” அடிப்பாவி! சிரித்துச் சிரித்து அழுதுவிட்டேன்.

15 ஏப்ரல்

கஃபீலிடம் என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். சிரித்தார். டீ சொன்னார். கல்யாண ஆர்டர் குவிந்து கிடக்கிறது என்றார். நாமெல்லாம் ஒரே குடும்பம், நம்பிக்கை இல்லையா என்றார். நான் டிராயரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாவியை எடுத்தார்.